காருக்கு அடியில் ஆரத்தி

அந்தச் சனிக்கிழமை காலையில் நான் காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கிடந்தேன். முதுகுக்குக் கீழே பால்டின் பெட்டியைப் பிரித்துப் போட்ட அட்டை. கையில் ஸ்பேனர். தலைமாட்டில் கோழி கழுவும் நீல நிற பேசின். மேலேயிருந்து ஒரு சொட்டு கிளம்பி, பேசினைத் தவறவிட்டு, நேராக என் நெற்றியில் விழுந்தது.

நல்ல சிவப்பு. தொட்டால் வழவழவென்று எண்ணெய்.

வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து டார்ச் பிடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். "எடுப்பாத்தான் இருக்கு. அழிச்சிடாத" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்புக்காக ஒரு வாளி எண்ணெயைக்கூட முகத்தில் வாங்கிக்கொண்டிருப்பேன்.

போன வாரம் தொழிற்சாலை கேண்டீனைப் பற்றி எழுதியதற்கு, "சாப்பாட்டைத் தவிர உங்களுக்கு வேறு நினைவே கிடையாதா" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இருக்கிறது ஐயா. இந்த வாரம் சாப்பாடே கிடையாது. கடைசியில் ஒரு கோப்பி மட்டும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றை உள்ளங்கை

எண்பதுகளின் கடைசி. மலேசியாவின் பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்காவது மாடியில் இருந்தோம். நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் நுண்ணோக்கி வழியாகப் பார்த்துப் பற்றவைக்கும் வேலையில் இருந்தேன். எறும்பின் கால் அளவுக் கம்பி விட்டுப்போயிருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது என்று சூப்பர்வைசர் சொல்வார். அந்தப் பெருமையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது என்ன ஆகிறது என்று பார்க்கலாம்.

வீட்டுக்காரர் மாணிக்கம் லோரி ஓட்டுநர். துறைமுகத்துக் கோடவுன்களுக்கும் கடல் தாண்டிப் பெருநிலத்துக்கும் பதினேழு வருடம் ஓட்டினார். ஒருநாள் சரக்கு இறக்கும்போது பலகை சரிந்து இடது தோளில் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது. நரம்பு கூடவில்லை. கை நெஞ்சு வரைக்கும் எழும்பும். அதில் பலம் இருக்காது.

அந்தக் காலத்து லோரி ஸ்டியரிங்கைத் திருப்புவதற்கு இரண்டு கையும் முதுகும் சேர வேண்டும். அது இனி ஆகாது என்று தெரிந்ததும் முதலாளி அவரைக் கேட்டில் உட்கார வைத்தார். ஒரு வருடம் கேட்டைத் திறந்து மூடினார். கூட ஓட்டியவர்களின் லோரிகள் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்தால் பேச்சே இருக்காது. ரேடியோவைப் பேசவிட்டு அவர் சும்மா இருப்பார்.

அப்போதுதான் யாரோ பவர் ஸ்டியரிங் வைத்த கார் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். ஜெலுத்தோங்கில் பழைய கார் விற்கும் கடைக்குப் போனோம். பழுப்பு நிறத்தில் ஒரு ஜப்பான் கார். எஞ்சினைப் போட்டுவிட்டு இடது உள்ளங்கையை மட்டும் ஸ்டியரிங்கில் வைத்துத் தேய்த்தார். அது திரும்பியது. மறுபடி திருப்பினார். பத்துத் தடவையாவது இருக்கும். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் "இதான் வேணும்" என்றேன். நிறம் பிடிக்கிறதா என்றுகூட யாரும் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து அவர் என்னைத் தொழிற்சாலையில் கொண்டுபோய் விட ஆரம்பித்தார். பதினொரு வருடம் கம்பெனி பஸ்ஸில் இடிபட்டவள் நான். அவர் கண்ணாடியைச் சரிசெய்து, சிக்னல் போட்டு, முறையாகக் கேட்டில் நிறுத்தி, "எறங்கு" என்பார். அந்த ஒரு சொல்லில் பழைய மாணிக்கம் திரும்பி வந்திருந்தார். எனக்கு அது போதும்.

வெள்ளிக்கிழமைச் சடங்கு

கார் வந்த அன்று நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தட்டில் கற்பூரம் ஏற்றிச் சுற்றி, அந்தச் சிவப்புத் தண்ணீரை முன் டயருக்குப் பக்கத்தில் ஊற்றினேன். மற்றவர்கள் இதோடு விடுவார்கள். நான் விடவில்லை. ஒரு வருடம் வாய் திறக்காமல் இருந்த மனிதர் விசிலடித்துக்கொண்டு படியிறங்கினால் ஊர்க் கண் சும்மா இருக்குமா? வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு சின்ன ஆரத்தி எடுத்துக் கார் அடியில் ஊற்றிவிடுவேன்.

கீழ்த்தளத்தில் ஒரு சீன ஆன்ட்டி இருந்தார். வாசலில் தானும் ஊதுவத்தி கொளுத்துகிறவர். எங்கள் கார் அடியில் சிவப்பைப் பார்த்தால், "செம்பாயாங் புன்யா" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போவார். சாமி காரியம் என்று அர்த்தம். கூட்டுகிறவரும் அந்த இடத்தை மட்டும் விட்டுக் கூட்டுவார். ஒட்டுமொத்தக் குடியிருப்பும் அந்தச் சிவப்புக்கு மரியாதை கொடுத்தது.

தள்ளித் தள்ளி நின்ற கார்

ஆறேழு மாதம் நன்றாகப் போனது. பிறகு சின்னச் சின்ன மாற்றங்கள். படிக்கட்டுக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தாலும் அவர் கடைசி மூலையில் போய் நிறுத்துவார். அங்கே மட்டும்தான் பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டியதில்லை. மார்க்கெட்டுக்குப் போகலாம் என்றால், அங்கே நெரிசல், நடந்தே போ என்பார். எதிர்ப்பக்கம் இருந்த தொழிற்சாலை கேட்டுக்குத் திரும்ப, பக்கத்திலேயே யூ வளைவு இருந்தது. அதை விட்டுவிட்டு அரை மைல் தாண்டிப் போய் ரவுண்டானாவில் சுற்றிக்கொண்டு வந்தார்.

கார் திரும்பும்போது ஒரு முனகல் சத்தம் கேட்டது. பெல்ட் கத்துகிறது என்று துணி சோப்பை எடுத்து அதில் தேய்த்தார். லோரிக்காரர்களின் கைவைத்தியம் அது. இரண்டு நாள் அடங்கியது மாதிரி இருந்தது. பிறகு மறுபடி முனகியது.

ஒருநாள் குளியலறைக் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். வாளியில் பாதி தண்ணீர் வைத்து இடது கையால் தூக்கிக்கொண்டிருந்தார். தூக்கினார், வைத்தார். தண்ணீரைக் கொஞ்சம் கொட்டிவிட்டு மறுபடி தூக்கினார். கை மறுபடி போகிறது என்று புரிந்துகொண்டேன். அதாவது, புரிந்துகொண்டதாக நினைத்தேன்.

டாக்டரிடம் போவோமா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். போனால் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒரே பயத்தை ஆளுக்கொரு மூலையில் ஒளித்து வைத்திருந்தோம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வெள்ளிக்கிழமையோடு செவ்வாய்க்கிழமையும் ஆரத்தி எடுக்க ஆரம்பித்தேன். தட்டைப் பெரிதாக்கினேன். கார் எந்த மூலையில் நின்றாலும் தேடிப் போய் ஊற்றினேன். அடியில் எப்போது பார்த்தாலும் சிவப்பு ஈரமாக இருந்தது. சாமி கைவிடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் செய்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு புதன்கிழமை, கம்பெனி பஸ் பட்டியலில் என் பெயரை மறுபடி எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதத்திலிருந்து இடம் உண்டு என்றார்கள். அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நேரம் வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, சோற்றைப் பிசைந்துகொண்டே அவர் சொன்னார்.

"காடிய வித்துரலாம் சரசு. பெட்ரோல் கட்டுப்படி ஆவல."

நான் சரி என்றேன். ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கப் பயமாக இருந்தது.

பத்தாம் நாள்

ஆயர் ஈத்தாமில் மளிகைக்கடை வைத்திருந்த ஒருவர் வாங்கிக்கொள்வதாகப் பேச்சாயிற்று. அதற்குள் நிபோங் திபாலில் வீட்டுக்காரரின் பெரியப்பா தவறிவிட்டார். பங்காளி வீட்டுச் சாவு, பதினாறு நாள் தீட்டு. விளக்கேற்றக் கூடாது, கோயிலுக்குப் போகக் கூடாது. ஆரத்தித் தட்டைக் கவிழ்த்து வைத்தேன்.

தீட்டில் கார் விற்கலாமா என்று கேட்டேன். வாங்கத்தான் கூடாது, விற்கலாம் என்று புதிதாக ஒரு சாஸ்திரம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு ஆள் வருவதாக முடிவாகிவிட்டது.

அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை, தீட்டின் பத்தாம் நாள். காலையில் குப்பை போடக் கீழே இறங்கினேன். சீன ஆன்ட்டி காய்கறி வாங்கப் பாசாருக்குக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் காருக்கு முன்னால் வந்ததும் வழக்கம்போல் ஒதுங்கி, சுற்றிக்கொண்டு போனார்.

நான் குப்பைப் பையோடு நின்றுவிட்டேன். பத்து நாளாக நான் எதுவும் ஊற்றவில்லை. ஆன்ட்டி எதைச் சுற்றிக்கொண்டு போகிறார்?

குனிந்து பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு, புத்தம் புதிதாக. விரலை வைத்தேன். மஞ்சள் தண்ணீர் காய்ந்தால் சொரசொரவென்று இருக்கும். இது வழுக்கியது. முகர்ந்தேன். தொழிற்சாலையில் மெஷினைக் கழற்றும்போது வரும் வாடை.

எறும்புக் காலைக் கண்டுபிடிக்கிற கண் எனக்கு. மூன்று மாதமாக எண்ணெய் ஒழுகிய இடத்தில் வாரம் இரண்டு முறை ஆரத்தி ஊற்றி, அதை நானே மறைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடு நான்கு மாடியும் ஓடி ஏறினேன்.

மூன்று கை

விரலை அவர் முன்னால் நீட்டினேன். அவர் விரலைப் பிடித்துப் பார்த்தார், தேய்த்தார். கீழே இறங்கினார்.

தினமும் காலையில் முன்மூடியைத் திறந்து பார்க்கிற மனிதர் அவர். எஞ்சின் ஆயில், ரேடியேட்டர், பிரேக், பேட்டரித் தண்ணீர் எல்லாம் பார்ப்பார். அவர் ஓட்டிய லோரிகளில் இருந்தது அவ்வளவுதான். ஓரத்தில் பெல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கறுப்புக் குப்பி இருந்தது. அதைத் திறந்தார். காய்ந்து கிடந்தது.

"பவருன்னா ஏதோ கரண்டு சமாச்சாரம்னு நெனச்சிட்டேன்" என்றார்.

ஸ்டியரிங்கை லேசாக்குவது எண்ணெய்தான். அது குப்பியிலிருந்து பம்புக்கு வருகிறது. பம்பிலிருந்து ஒரு தடித்த ரப்பர் ஓஸ் கீழே ஸ்டியரிங் பெட்டிக்குப் போகிறது. அந்த ஓஸ், இரும்பு மூட்டில் சேரும் இடத்தில் உப்பி வெடித்திருந்தது. சுற்றிலும் எண்ணெயும் தூசியும் அப்பிக் கிடந்தன. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவேளை இதுதானோ என்ற ஆசை அவர் முகத்தில் வந்ததையும், அதை அவர் அடக்கிக்கொண்டதையும் பார்த்தேன். கெட்டது ஓஸ் மட்டும்தானா, கையும் சேர்ந்துதானா என்று மாட்டிப் பார்க்காமல் தெரியாது.

ஒர்க்‌ஷாப்பில் விட்டால் செவ்வாய்க்கிழமை ஆகும். கார் வாங்குகிறவர் நாளைக்கே வருகிறார். நாமே கழற்றிவிடலாம் என்றார்.

ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, இரண்டு பக்கமும் கோடவுன் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்தார். மேலே பம்பில் இருந்த போல்ட்டை ஒரு கையாலேயே கழற்றிவிட்டார். கீழ் மூட்டுக்கு இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்றால் பிடித்துக்கொண்டு மற்றொன்றால் திருக வேண்டும். அவர் இடது கையைப் பார்த்தார். நான் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அட்டையைப் பிரித்தேன். இப்படித்தான் நான் காருக்கு அடியில் போனேன். அந்தச் சொட்டு நெற்றியில் விழுந்ததும் அப்போதுதான்.

கழற்றிய ஓஸைச் செய்தித்தாளில் சுற்றி, பஸ் பிடித்து ஜெலுத்தோங் போனோம். டிப்பர் லோரிகளுக்கு ஓஸ் அடித்துக் கொடுக்கும் கடை அவருக்குத் தெரியும். கடை முதலாளியான தவுக்கே பழைய இரும்பு மூட்டுகளிலேயே புது ரப்பரைச் செருகி, மெஷினில் வைத்து நசுக்கிக் கொடுத்தார். பம்பு போல்ட்டுக்குப் போட இரண்டு செம்பு வாஷரும், ஒரு டின் சிவப்பு எண்ணெயும் சேர்த்துக் கொடுத்தார். லோரியெல்லாம் எப்படிப் போகிறது என்று தவுக்கே விசாரித்தார். இவர் "ஓடுது" என்றார்.

ஞாயிறு காலை பசியாறிவிட்டு இறங்கினோம். கீழ் மூட்டை நான் மாட்டினேன், மேல் போல்ட்டை அவர் மாட்டினார். எண்ணெய் ஊற்றப் போகும்போது என் பழக்க தோஷம், சாமான்களைப் போட்டு வைத்திருந்த தட்டைப் பார்த்தேன். ஒரு செம்பு வாஷர் தட்டிலேயே கிடந்தது. எங்கள் தொழிற்சாலையில் தட்டில் ஒன்று மிச்சம் என்றால் மின்சுற்றுப் பலகையில் ஒன்று குறைகிறது என்று அர்த்தம். அதை எடுத்து அவரிடம் காட்டினேன். ஒரு கையால் மாட்டும்போது அடியில் போட வேண்டியதை விட்டிருக்கிறார். உடனே கழற்றி மறுபடி மாட்டினார். முதல் நாள் போன என் மானத்தில் கொஞ்சம் அந்த வாஷரில் திரும்பி வந்தது.

பிறகு காற்றை வெளியேற்றும் வேலை. எஞ்சின் போடாமல் அவர் ஸ்டியரிங்கை மெல்ல இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்ப, நான் குப்பியில் எண்ணெய் ஊற்றினேன். குப்பி கொப்பளித்துக்கொண்டு குடித்தது. ஊற்றினேன், குடித்தது. பிறகு எஞ்சினைப் போட்டார். ஒரு முனகல், நுரை. சற்று நேரத்தில் நுரை அடங்கியது. முனகலும் நின்றது.

"லேசா இருக்கா?" என்றேன்.

"காத்துல நிக்கிற டயரு. யாரு வேணும்னாலும் திருப்பலாம்."

தரையில்

கட்டைகளை எடுத்துக் காரை இறக்கினோம். அவர் உள்ளே உட்கார்ந்து எஞ்சினைப் போட்டார். கை மடியிலேயே இருந்தது. நான் முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ கொஞ்சம் அந்தப் பக்கம் போயேன்" என்றார்.

போனேன். சீன ஆன்ட்டியின் வாசல் பக்கம் நின்றுகொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் டயரை மட்டும் பார்த்தேன். வெகுநேரம் டயர் அசையவில்லை. அந்த நேரத்தில் எத்தனை சாமியைக் கூப்பிட்டேன் என்று கணக்கில்லை. தீட்டு என்பதுகூட நினைவில்லை.

டயர் மெல்ல இடது பக்கம் திரும்பியது. கடைசி வரை போனது. நின்றது. பிறகு வலது பக்கம், கடைசி வரை. மறுபடி இடது.

நிமிர்ந்து பார்த்தேன். வலது கை மடியில் இருந்தது. இடது உள்ளங்கை மட்டும் ஸ்டியரிங்கில் இருந்தது. அவர் கண்ணில் தண்ணீர்.

கிட்டே போனதும் கண்ணாடியை இறக்கினார்.

"கை இருந்த மாரியேதான் இருக்கு, சரசு."

வாகன நிறுத்துமிடத்தில், பட்டப்பகலில், எண்ணெய்க் கையோடு நானும் அழுதேன். என்ன ஆயிற்று என்று கேட்டு ஆன்ட்டி வெளியே வந்துவிட்டார். கார் நல்லாயிடுச்சு என்றோம். கார் நல்லாவதற்கு இவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று நினைத்திருப்பார். கீழே சிந்தியிருந்த எண்ணெயை மட்டும் வழக்கம்போல் மிதிக்காமல் போனார்.

ஐந்து மணிக்கு வந்த மளிகைக்கடைக்காரரை மேலே அழைத்துப் போய்க் கோப்பி கொடுத்து, விற்கவில்லை என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். அவருக்கு வருத்தம்தான். போகும்போது பஸ்ஸுக்கு நடக்க வேண்டாம் என்று இவரே ஆயர் ஈத்தாம் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அதில் அந்த மனிதருக்கு வருத்தம் இன்னும் கூடியிருக்கும்.

அதற்குப் பிறகு ஆரத்தித் தண்ணீரை நான் வாய்க்காலில்தான் ஊற்றுகிறேன். கார் அடியில் சிவப்பு தெரிந்தால் அது எங்கிருந்து வந்தது என்று சந்தேகம் இருக்கக் கூடாது.

திங்கட்கிழமை காலை. யூ வளைவிலேயே திருப்பி, கேட்டுக்கு முன்னால் நிறுத்தினார். "எறங்கு" என்று சொல்லவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே சொன்னார்.

"உள்ள போனதும் பஸ் லிஸ்ட்டுல உம்பேர அடிச்சிரு."

கதவைத் திறக்கப் போன நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கம்பெனி பஸ் ஓட்டுகிறவர் இவரோடு லோரி ஓட்டியவர். அது என் புத்திக்கு எட்டவே இல்லை.

"எப்பத்திலேருந்து தெரியும்?" என்றேன்.

"நீ எழுதுன அன்னைக்கே. அதுக்கப்புறந்தான் காடிய விக்கலாம்னு தோணுச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. நேற்று மழை பெய்தது என்பது போலச் சொன்னார். நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. இறங்கிவிட்டேன்.

ஆபீஸில் பட்டியலை வாங்கி என் பெயரைத் தேடினேன். ஒரு கோடு போட்டால் போதும், நான் பெயர் தெரியாத அளவுக்கு அடித்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டுக்கு அந்தப் பக்கம், எஞ்சினை ஓடவிட்டபடி, பழுப்பு நிறக் கார் இன்னும் நின்றுகொண்டிருந்தது. பட்டியலைத் தூக்கி ஜன்னல் பக்கம் காட்டினேன். அவ்வளவு தூரத்தில் அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஆனாலும் அப்புறம்தான் கிளம்பினார்.